சிலாலா நதி வழக்கு: ‘முடிவு சொல்ல ஒன்றுமில்லை’ என்ற தீர்ப்பில் யாருக்கு என்ன கிடைத்தது?

2022 டிசம்பர் 1 அன்று தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் சிலாலா நதிநீர் வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது சிலி, எதிர்த்தரப்பு பொலிவியா. ஆறு வருடங்களுக்கு மேல் இழுத்த வழக்கு. தீர்ப்பு வந்ததும் சிலி அதிபர் கப்ரியேல் போரிச், பொலிவிய அதிபர் லூயிஸ் ஆர்ஸே இருவருமே தங்கள் நாட்டுக்குத் திருப்தியான முடிவு என்றார்கள். ஆனால் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தால், இரு தரப்பும் வைத்த பெரும்பாலான கோரிக்கைகளுக்கு நேரே நீதிமன்றம் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறது: இதில் நாங்கள் முடிவு சொல்ல இனி எதுவுமில்லை.

அப்படியென்றால் யார் ஜெயித்தார்கள்? அந்தத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்? இதற்குப் பதில் தெரிய, அந்த ஆறு எங்கே ஓடுகிறது, அதில் யார் வாய்க்கால் வெட்டினார்கள், அந்த வாய்க்கால் தண்ணீரை என்ன செய்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எங்கே இருக்கிறது, எவ்வளவு ஓடுகிறது

ஆண்டஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், பொலிவியாவின் போட்டோசி மாகாணத்தில் இரண்டு சிறு சதுப்புகள் இருக்கின்றன. ஒன்று தெற்கே, இன்னொன்று வடக்கே. சிலி எல்லையிலிருந்து அரை கிலோமீட்டர் முதல் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும். நிலத்தடி நீர் ஊற்றுகளாக மேலே வந்து இந்தச் சதுப்புகளை நனைக்கிறது. இந்த மாதிரி மலைச்சதுப்புக்கு அந்தப் பகுதியில் ‘போஃபெடால்’ என்று பெயர். மெத்தை மாதிரி அடர்ந்து படரும் செடிகள், அவற்றுக்கு நடுவே தேங்கியும் கசிந்தும் நிற்கும் தண்ணீர், மேய வரும் லாமா, விக்குன்யா. சுற்றிலும் பார்த்தால் வறண்ட எரிமலை நிலம். உலகின் மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்றான அட்டகாமா பக்கத்திலேயே இருக்கிறது.

நிலம் பொலிவியாவிலிருந்து சிலி பக்கம் சரிகிறது. அதனால் தண்ணீரும் அப்படியே போகிறது. எல்லை தாண்டிச் சுமார் 6 கிலோமீட்டரில் சான் பெட்ரோ ஆற்றில் சேர்கிறது. சான் பெட்ரோ, சிலியின் மிக நீளமான ஆறான லோவாவில் கலக்கிறது.

எல்லையைக் கடக்கும் மேற்பரப்பு நீரின் அளவு விநாடிக்குச் சுமார் 170 லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 6 கன அடி. மேட்டூரில் ஆயிரக்கணக்கான கன அடி திறந்தாலே போதவில்லை என்று பேசிப் பழகியவர்களுக்கு இது ஒரு கண்மாய் மதகில் வழிகிற தண்ணீர் அளவுக்குத்தான் தோன்றும். வருடம் முழுவதும் சேர்த்தாலும் கால் டிஎம்சி வராது.

இவ்வளவு சிறிய நீரோட்டத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய சண்டை? அட்டகாமாவில் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். லோவா படுகையின் பல நீர்நிலைகளில் உப்பும் ஆர்சனிக்கும் அதிகம். தாமிரச் சுரங்கம், ரயில், நகரம் மூன்றும் தண்ணீர் தேடி மலை உச்சி வரை போக வேண்டியிருந்தது. இன்னொரு காரணத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. அதுதான் பெரிய காரணம்.

## கடல் போன கதை

1879 முதல் 1884 வரை நடந்த பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது. இன்று சிலியின் துறைமுக நகரமாக இருக்கும் அன்டோஃபகாஸ்டா அதற்கு முன் பொலிவியாவுடையது. 1904 சமாதான ஒப்பந்தம் எல்லையை உறுதி செய்தது. பொலிவியா நிலத்தால் சூழப்பட்ட நாடாயிற்று. இன்றும் அங்கே ஒவ்வொரு மார்ச் 23-ஆம் தேதியும் ‘கடல் தினம்’ அனுசரிக்கப்படுகிறது. கடற்படையும் வைத்திருக்கிறார்கள், டிட்டிகாக்கா ஏரியில்.

அப்படியிருக்க, சிலியோடு வரும் எந்தத் தகராறும் பொலிவியாவில் கடல் தகராறின் நிழலில்தான் பார்க்கப்படும். சிலாலாவும் அப்படித்தான். கடலை எடுத்தார்கள், இப்போது தண்ணீரையும் காசு கொடுக்காமல் எடுக்கிறார்கள் என்ற பேச்சு மேடையில் எடுபடும். ஹைட்ராலஜி, அதாவது நீரியல், எடுபடாது. இந்த வழக்கைக் கவனிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் பல திருப்பங்கள் விளங்காது.

## வாய்க்கால் எப்படி வந்தது

அன்டோஃபகாஸ்டாவிலிருந்து பொலிவியாவுக்கு ரயில் ஓட்டியது ‘அன்டோஃபகாஸ்டா (சிலி) அண்ட் பொலிவியா ரயில்வே கம்பெனி’ என்ற பிரிட்டிஷ் நிறுவனம். நீராவி எஞ்சினுக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். உப்புத்தண்ணீரை ஊற்றினால் கொதிகலன் சீக்கிரமே கெட்டுவிடும். அன்டோஃபகாஸ்டா நகரத்துக்குக் குடிநீரும் வேண்டும். ஆக நிகழ்ந்தவை இவை:

1. 1906-இல் சிலி அரசு, சிலாலா நீரை எடுத்து நகரத்துக்குக் கொண்டுவர இந்தக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது.

2. தண்ணீர் பிறக்கும் இடம் பொலிவியா என்பதால், 1908-இல் போட்டோசி மாகாண நிர்வாகமும் அதே கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது. எஞ்சின்களுக்குத் தண்ணீர் என்பதே இந்த உரிமத்தின் நோக்கம்.

3. அடுத்த ஆண்டு பொலிவிய மண்ணில், எல்லைக்குச் சில நூறு மீட்டர் மேலே, நீரெடுப்பு அமைப்பு கட்டப்பட்டது. 1910-இல் குழாய் வழியாகத் தண்ணீர் போகத் தொடங்கியது.

4. 1928-இல் அதே கம்பெனி பொலிவியப் பக்கச் சதுப்புகளுக்குள் கல் பாவிய வாய்க்கால்கள் அமைத்தது. ஒவ்வொரு ஊற்றிலிருந்தும் சின்னச் சின்ன ஓடைகள், அவை வந்து சேரும் முதன்மை வாய்க்கால் என்ற அமைப்பு. பூச்சிகள் முட்டையிட்டுக் குடிநீர் கெடாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது சிலியின் விளக்கம். கூடுதல் தண்ணீரை உறிஞ்சி எடுக்கத்தான் என்பது பொலிவியாவின் விளக்கம்.

5. 1942-இல் சிலிப் பக்கத்தில், எல்லையை ஒட்டியே, இரண்டாவது நீரெடுப்பு அமைப்பும் குழாயும் வந்தன.

இதில் நான்காவது புள்ளிதான் பின்னால் முழு வழக்கையும் சுமக்கப்போகிறது. எல்லைக்கு அப்பால் ஓடும் தண்ணீரில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு வாய்க்காலின் வேலை என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

## 1997-க்குப் பிறகு

ஏறக்குறைய 90 வருடங்கள் இதைப் பற்றிப் பெரிய சத்தமில்லை. இடையில் நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அன்டோஃபகாஸ்டாவுக்கும் சியரா கோர்டா, பக்கேடானோ போன்ற ஊர்களுக்கும் சுரங்க வேலைகளுக்கும் அது போய்க்கொண்டே இருந்தது.

1997 மே மாதம் போட்டோசி நிர்வாகம் 1908 உரிமத்தை ரத்து செய்தது. எஞ்சினுக்கென்று கொடுத்த தண்ணீர், எஞ்சினே இல்லாதபோது வேறு எதற்கோ போகிறதே என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் பொலிவியா அதோடு நிற்கவில்லை. 1999-இல் எழுதிய கடிதங்களில், சிலாலா ஓர் ஆறே இல்லை என்ற நிலைப்பாட்டுக்குப் போனது. அவை முழுக்க முழுக்க பொலிவியாவின் ஊற்றுகள், வாய்க்கால் வெட்டியதால்தான் தண்ணீர் எல்லை தாண்டுகிறது, வாய்க்கால் இல்லையென்றால் அது அங்கேயே நின்று நிலத்துக்குள் போய்விடும், ஆகவே சர்வதேச நதிச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றது.

2000-இல் டக்டெக் என்ற பொலிவிய நிறுவனத்துக்கு அந்த ஊற்றுகளின் உரிமம் தரப்பட்டது. அது ரயில் கம்பெனிக்கும் சிலியின் அரசுத் தாமிர நிறுவனமான கோடெல்கோவுக்கும் தண்ணீர் பில் அனுப்பியது. யாரும் கட்டவில்லை. சிலி அரசு எதிர்ப்புத் தெரிவித்தது.

அப்புறம் பேச்சுவார்த்தைக் காலம். 2009-இல் ஓர் உடன்பாட்டு வரைவு கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது. பாதித் தண்ணீர் பொலிவியாவுடையது, அதைப் பயன்படுத்தினால் சிலி பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். நேர்மையாகப் பார்த்தால், பொலிவியாவுக்கு இதைவிட நல்ல பேரம் அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கவில்லை. போட்டோசியில் எதிர்ப்பு கிளம்பியது. முழுத் தண்ணீருக்கும், பழைய பாக்கியோடு சேர்த்துப் பணம் வேண்டும் என்றார்கள். வரைவு கையெழுத்தாகவில்லை.

2016 மார்ச்சில் அப்போதைய அதிபர் எவோ மொராலஸ், சிலாலாவுக்காக சிலியை ஹேக் நீதிமன்றத்துக்கு இழுப்போம் என்று அறிவித்தார். சிலி காத்திருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி அதுவே முந்திக்கொண்டு வழக்குப் போட்டது. அந்த நேரத்தில் கடல் வழி கேட்டு பொலிவியா போட்ட இன்னொரு வழக்கும் அதே நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதில் பொலிவியா 2018 அக்டோபர் 1-இல் தோற்றது.

## சட்டம் எங்கே நிற்கிறது

இரு நாடுகளுக்கிடையே சிலாலா பற்றித் தனி ஒப்பந்தம் எதுவுமில்லை. ஐ.நா.வின் 1997 சர்வதேச நீர்வழிகள் உடன்படிக்கை 2014 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதில் சிலியும் உறுப்பினர் இல்லை, பொலிவியாவும் இல்லை. (இந்தியா அந்த உடன்படிக்கை வாக்கெடுப்பில் விலகி நின்றது. சீனா எதிர்த்து வாக்களித்தது.) அதனால் நீதிமன்றத்தின் கையில் இருந்தது வழக்காற்றுச் சட்டம் மட்டும். நாடுகள் காலம் காலமாக, இது சட்டப்படி தங்கள் கடமை என்று ஏற்று நடந்துகொள்வதால் உருவாகும் சட்டம் அது. எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டாலும் கட்டுப்படுத்தும்.

அந்தச் சட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்த பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. 1895-இல் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன், ரியோ கிராண்டே ஆற்றுத் தகராறில் ஒரு கருத்து சொன்னார். தன் மண்ணில் ஓடும் நீரை ஒரு நாடு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கீழே இருக்கும் நாட்டுக்குக் கடமைப்பட்டதில்லை என்பது அது. மேல்மடை நாடுகளுக்கு இனிக்கும் கோட்பாடு. ஆனால் அமெரிக்காவே அதை விட்டுவிட்டு 1906-இல் மெக்சிகோவுக்குத் தண்ணீர் தர ஒப்பந்தம் போட்டது.

2. 1957-இல் பிரான்ஸ், ஸ்பெயின் இடையே பிரனீஸ் மலையிலுள்ள லானூ ஏரி பற்றி ஒரு நடுவர் தீர்ப்பு வந்தது. மேல்மடை நாடு திட்டம் போட கீழ்மடை நாட்டின் சம்மதம் தேவையில்லை, ஆனால் நல்லெண்ணத்தோடு கலந்துபேசி அதன் நலனைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

3. 1966-இல் சர்வதேசச் சட்ட நிபுணர்களின் சங்கம் ஒன்று வகுத்த ஹெல்சின்கி விதிகள் ‘சமநீதியான, நியாயமான பயன்பாடு’ என்ற கருத்தை முன்வைத்தன. காவிரி வழக்கைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மாநிலங்களுக்கிடையே ஓடும் நதி எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்தல்ல என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

4. 1997 உடன்படிக்கை இதையெல்லாம் தொகுத்தது. அதோடு ‘நீர்வழி’ என்றால் என்ன என்பதற்கும் ஒரு வரையறை தந்தது. மேற்பரப்பு நீரும் நிலத்தடி நீரும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு ஒரே முழுமையாக இருந்து, பொதுவாக ஒரே இடத்தில் போய்ச் சேருமானால் அது ஒரு நீர்வழி. அதன் பகுதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இருந்தால் சர்வதேச நீர்வழி.

நான்காவது புள்ளியில் உள்ள வரையறையை சிலாலாவின் மேல் வைத்துப் பாருங்கள். ஊற்று, சதுப்பு, ஓடை, அடியில் ஓடும் நீர் எல்லாம் ஒரே தொகுப்பு. ‘இது ஆறா, ஊற்றா’ என்று 20 வருடம் நடந்த விவாதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இரண்டுமாக இருந்தாலும் விடை ஒன்றுதான்.

இந்தச் சட்டத்திலிருந்து மூன்று கடமைகள் வருகின்றன. நியாயமான பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. அடுத்த நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேராமல் உரிய கவனம் எடுக்க வேண்டும். தீங்கு தரக்கூடிய திட்டம் இருந்தால் முன்கூட்டியே அறிவித்துக் கலந்துபேச வேண்டும். நியாயமான பங்கு என்பது பாதிக்குப் பாதி அல்ல. காலநிலை, மக்கள்தொகை, இருக்கும் பயன்பாடு, மாற்று வழிகள் எல்லாவற்றையும் எடைபோட்டு, காலத்துக்குக் காலம் மாறக்கூடிய ஒன்று.

## வாய்க்கால் தண்ணீரைக் கூட்டுமா?

வழக்கின் அறிவியல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. ஒரு சதுப்பில் வாய்க்கால் வெட்டினால் மூன்று விஷயங்கள் நடக்கலாம்.

முதலாவது, ஆவியாதல் குறையும். சதுப்பு பரந்து நனைந்து கிடந்தால் வெயிலும் காற்றும் செடிகளும் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். 4,300 மீட்டர் உயரத்தில் காற்று வறண்டது, வெயில் கடுமை. குறுகலான வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடிவிட்டால் அந்த இழப்பு இல்லை. மிச்சப்படும் நீர் கீழே போகிறது.

இரண்டாவது, கல் பாவிய வாய்க்காலில் ஓடும் நீர் மறுபடி நிலத்துக்குள் இறங்குவது குறையும்.

மூன்றாவது, வாய்க்கால் சுற்றியுள்ள நீர்மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தும். அதனால் ஊற்று இருக்கும் இடத்துக்கும் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கூடி, ஊற்று முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம்.

பொலிவியா நியமித்த, டென்மார்க்கின் டிஹெச்ஐ என்ற நீரியல் ஆலோசனை நிறுவனம் கணினி மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டு, வாய்க்கால்களை எடுத்துவிட்டால் மேற்பரப்பு ஓட்டம் 11 முதல் 33 சதவீதம் வரை குறையும் என்றது. சிலிக்காக வேலை செய்த ஹோவர்ட் வீட்டர், டெனிஸ் பீச் ஆகிய நீரியலாளர்கள் இதை ஏற்கவில்லை. மூன்றாவது விளைவை டிஹெச்ஐயின் கணினி மாதிரி பெரிதுபடுத்துகிறது, உண்மையில் வித்தியாசம் மிகச் சொற்பம் என்றார்கள்.

சதவீதத்தில் சண்டை இருந்தாலும் இரண்டு விஷயங்களில் இரு தரப்பு நிபுணர்களும் ஒத்துப்போனார்கள். வாய்க்கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் சிலிக்குத்தான் போகும், நிலத்தின் சரிவு அப்படி. இறுகிய எரிமலைச் சாம்பல் பாறையை வெட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கே எல்லையைத் தாண்டிப் போகிறது. 1928-இல் வெட்டிய வாய்க்கால் அதை உண்டாக்கியிருக்க முடியாது. அடுத்தது, மேலே ஓடுவது தவிர நிலத்தடியிலும் கணிசமான நீர் எல்லை கடக்கிறது. மேலே அணை கட்டி மறித்தாலும் அடியில் போவதை நிறுத்த முடியாது.

பொலிவியாவின் சொந்த நிபுணர்களே இதை எழுதிக் கொடுத்தபின், ‘இது ஆறே இல்லை’ என்ற வாதத்துக்குக் கால் இல்லாமல் போயிற்று. அரசியல் மேடையில் 20 ஆண்டு நின்ற ஒரு வாதம், தான் கேட்டு வாங்கிய அறிக்கையாலேயே விழுந்தது. வாதம் விழுந்ததைவிட, அந்த அறிக்கையை மறைக்காமல் பொலிவியா நீதிமன்றத்தில் வைத்தது எனக்கு முக்கியமாகப்படுகிறது.

## நீதிமன்றத்தில் நடந்தது

சிலியின் கோரிக்கைகள் ஐந்து:

1. சிலாலா, அதன் நிலத்தடிப் பகுதியோடு சேர்த்து, ஒரு சர்வதேச நீர்வழி என்று அறிவிக்க வேண்டும்.
2. அதன் நீரில் சிலிக்கு நியாயமான பங்கு உண்டு.
3. அந்த அடிப்படையில் இப்போதைய பயன்பாடு சரியானதே.
4. மாசும் மற்றத் தீங்கும் நேராமல் தடுக்கும் கடமை பொலிவியாவுக்கு உண்டு.
5. திட்டங்களை முன்கூட்டி அறிவித்துக் கலந்துபேசும் கடமையை பொலிவியா மீறியது.

பொலிவியாவின் எதிர்க்கோரிக்கைகள் மூன்று:

1. தன் மண்ணிலுள்ள வாய்க்கால்கள் தன் இறையாண்மைக்கு உட்பட்டவை, வைப்பதும் எடுப்பதும் தன் இஷ்டம்.
2. வாய்க்காலால் கூடிய நீரின்மேல் தனக்கே இறையாண்மை.
3. அந்தக் கூடுதல் நீர் சிலிக்கு வேண்டுமென்றால் பணம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டும்.

எழுத்துவாதம், பதில், மறுபதில், பின் 2022 ஏப்ரலில் வாய்மொழி வாதம் என்று வழக்கு நகர நகர இரு தரப்பும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன. சிலாலா சர்வதேச நீர்வழிதான், இயற்கை நீர், கூட்டிய நீர் என்ற பேதமில்லாமல் எல்லா நீருக்கும் வழக்காற்றுச் சட்டம் பொருந்தும் என்று பொலிவியா ஒப்புக்கொண்டது. வாய்க்கால்களை எடுத்துவிட பொலிவியாவுக்கு உரிமை உண்டு, அதனால் மட்டும் ஓட்டம் குறைந்தால் அதை மீறல் என்று சொல்லமாட்டோம், அதே அளவு நீர் என்றைக்கும் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கேட்கவும் மாட்டோம் என்று சிலி ஒப்புக்கொண்டது.

இங்கேதான் அந்தக் குழப்பமான விடை வருகிறது. நீதிமன்றத்தின் வேலை தகராறைத் தீர்ப்பது. தகராறே மறைந்துவிட்டால் தீர்ப்பதற்குப் பொருள் இல்லை. எனவே சிலியின் முதல் நான்கு கோரிக்கைகள், பொலிவியாவின் முதல் இரண்டு கோரிக்கைகள் ஆகியவற்றில் இரு தரப்பும் உடன்பட்டதைக் குறித்துக்கொண்டு, முடிவு சொல்லத் தேவையில்லை என்றது. சிலியின் ஐந்தாவது கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. பொலிவியாவின் மூன்றாவதையும் தள்ளுபடி செய்தது. இனி நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனை செய்து தீர்ப்பளிக்க முடியாது என்பது அதற்குக் காரணம்.

இந்த அணுகுமுறை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. அமர்விலிருந்த சில நீதிபதிகளே தனிக்குறிப்பு இணைத்தார்கள். ஒப்புக்கொண்டதை ஓர் அறிவிப்பாகத் தீர்ப்பில் எழுதியிருந்தால் நாளை ஆட்சி மாறி யாரும் பின்வாங்க இடமிருக்காது என்ற குறை நியாயமானது. ஆனால் இன்னொன்றும் உண்டு. தீர்ப்பில் தோல்வி என்று எழுதாததால்தான் இரண்டு அதிபர்களும் அன்று மாலை முகம் கோணாமல் தொலைக்காட்சியில் பேச முடிந்தது.

சாராம்சத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுத்தது என்றால், பொலிவியாதான். ‘எங்கள் ஊற்று, எங்கள் தண்ணீர், காசு கொடு’ என்பதில் எதுவும் மிஞ்சவில்லை. வாய்க்கால் மேலான உரிமை மிஞ்சியது. சிலி அதை ஒருபோதும் மறுத்ததில்லை.

## லவுகா என்ற மறுபக்கம்

சிலாலாவில் பொலிவியா மேல்மடை, சிலி கீழ்மடை. இதே இரு நாடுகளுக்கிடையே இன்னொரு உயர்மலை ஆறு உண்டு. அதன் பெயர் லவுகா. அது சிலியில் பிறந்து பொலிவியாவுக்குள் ஓடி, கோய்பாசா உப்புநிலத்தில் முடிகிறது. இங்கே சிலி மேல்மடை.

லவுகாவின் நீரை மலைக்கு மேற்கே திருப்பி அஸாபா பள்ளத்தாக்கின் பாசனத்துக்குக் கொண்டுபோக சிலி திட்டமிட்டது. பொலிவியா எதிர்த்தது. கீழே இருப்பவனைக் கேட்காமல் எப்படித் திருப்பலாம் என்பது வாதம். 1962 ஏப்ரலில் சிலி நீரைத் திருப்பியதும் பொலிவியா தூதரக உறவை முறித்துக்கொண்டது, அமெரிக்க நாடுகளின் அமைப்பிலும் முறையிட்டது. 1975-இல் உறவு ஒட்டியது, 1978-இல் கடல் விஷயத்தில் மறுபடி முறிந்தது. சிலாலா தீர்ப்பு வந்த 2022-இலும் இரு நாடுகளுக்கும் இடையே தூதர்கள் இல்லை.

இரண்டு ஆறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரு நாடுகளும் சரிவில் எந்தப் பக்கம் நிற்கின்றனவோ அதற்கேற்ற சட்டத்தைப் பேசியிருப்பது தெரியும். சிலாலாவில் பொலிவியா கடைசி வரை பிடிவாதம் பிடித்து, ‘என் மண்ணின் நீர் எனக்கே’ என்ற கோட்பாட்டை வெல்லவைத்திருந்தால், லவுகாவில் அதே கோட்பாடு அதன் தலையில் விழுந்திருக்கும். பொலிவியாவின் வழக்கறிஞர்கள் இதைக் கணக்குப் போடாமல் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

## இனி நடைமுறையில் என்ன

1. வாய்க்கால்கள்: பொலிவியா விரும்பினால் அவற்றை எடுத்துவிட்டுச் சதுப்புகளை மீட்கலாம். அவை, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையில் பட்டியலிடப்பட்ட லோஸ் லீபெஸ் ஈரநிலத்தின் பகுதி. மீட்டால் செடியும் மேய்ச்சலும் திரும்பும், சிலிக்குப் போகும் மேற்பரப்பு நீர் எவ்வளவோ குறையும். அப்போது 11 முதல் 33 சதவீதம் சரியா, சொற்பம் என்றது சரியா என்பதும் தெரிந்துவிடும்.

2. பணம்: பழைய பாக்கி என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. இனிமேல் சிலி ஏதாவது கொடுக்குமானால் அது பேரத்தில்தான், உரிமையாக அல்ல.

3. நிலத்தடி நீர்: மேற்பரப்பு நீரையும் நிலத்தடி நீரையும் ஒரே தொகுப்பாகப் பார்க்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டது, எல்லையில் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்ச நினைக்கும் எந்தச் சுரங்கத் திட்டத்துக்கும் பொருந்தும். ஆண்டஸ் எல்லைப்பகுதியில் சுரங்கம் பெருகும்போது 170 லிட்டரைவிட இதன் எடை அதிகமாக இருக்கும்.

4. முன்னறிவிப்பு: சிலி உண்மையில் தோற்றது இதில்தான். மீன் பண்ணை, சிறு தடுப்பணை, மினரல் வாட்டர் ஆலை என்று பொலிவியா பேசிய திட்டங்களைப் பற்றிச் சிலி விவரம் கேட்டுக்கொண்டே இருந்தது. சதுப்பருகே ஒரு ராணுவச் சாவடியும் சில வீடுகளும் கட்டப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. எல்லாத் திட்டத்தையும் சொல்ல வேண்டியதில்லை, குறிப்பிடத்தக்க தீங்கு நேரக்கூடும் என்றால் மட்டுமே அறிவிக்கும் கடமை எழும் என்றது நீதிமன்றம். 1997 உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு அதைவிட விரிவாகத் தகவல் பரிமாறச் சொல்கிறது. அது வழக்காற்றுச் சட்டமாக இன்னும் ஆகவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து.

இந்த நான்காவது புள்ளி ஆண்டஸுக்கு வெளியேயும் வாசிக்கப்படும். ஒப்பந்தமில்லாத எல்லா நதிகளிலும் கீழ்மடை நாடு ஒன்று, மேலே என்ன கட்டுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. குறிப்பிடத்தக்க தீங்கு வருமா என்ற முதல் கணிப்பைச் செய்யப்போவது, கட்டுகிற நாடுதான். ‘வராது’ என்று அது முடிவு செய்துவிட்டால், அந்தக் கணிப்பு தவறு என்று காட்டும் அளவுகளும் தரவுகளும் கீழ்மடை நாடு தானே திரட்டியாக வேண்டும்.